கிளாக்கோமா சொட்டு மருந்தால் கண் எரிகிறதா? புட்டியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் (பிரஷர்) கூடிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோயான கிளாக்கோமாவுக்கு வருடக்கணக்கில் மருந்து போட்டுவருபவர்களிடம் பேசினால் ஒரு குறை அடிக்கடி காதில் விழும். "பிரஷர் கட்டுக்குள்ள இருக்குன்னு டாக்டர் சொல்றார், ஆனா கண்ணு எரியுது." மணல் விழுந்தது போன்ற உறுத்தல், காலையில் எழுந்ததும் சிவப்பு, பேப்பர் படிக்க உட்கார்ந்த பத்தாவது நிமிடம் எழுத்து கலங்குவது, காற்று பட்டால் நீர் வடிவது என்று பட்டியல் நீளும். மருந்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். சிலர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு வேளை, இரண்டு வேளை விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது கூட்டம்தான். கிளாக்கோமாவில் போன பார்வை நரம்பு திரும்ப வராது. கண்ணின் மேற்பரப்பில் ஏற்படும் எரிச்சலையோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காகத் திரும்ப வராத ஒன்றை இழப்பது கொடுமை.

எரிச்சலைக் குறைக்க வழிகள் பல இருக்கின்றன. பிரிசர்வேட்டிவ், அதாவது புட்டிக்குள் கிருமி வளராமல் தடுக்கும் பொருள், இல்லாத மருந்துக்கு மாறுவது அவற்றில் ஒன்று மட்டுமே. இப்போது பலரும் நேராக அதைத்தான் கேட்கிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் எல்லோருக்கும் அதுதான் முதல் வழி என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு கிடைக்கிறது, என்ன செலவாகிறது, யாருக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது

சொட்டு மருந்துப் புட்டியை ஒரு மாதம் வரை திறந்து திறந்து மூடுகிறோம். முனை இமையில் படுகிறது, விரலில் படுகிறது. உள்ளே கிருமி வளர்ந்தால் அது நேராகக் கண்ணுக்குள் போகும். அதைத் தடுக்கத்தான் பிரிசர்வேட்டிவ் சேர்க்கிறார்கள். கண் மருந்துகளில் மிக அதிகமாகப் பயன்படுவது பென்சால்கோனியம் குளோரைடு. 1940களிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் பொருள். விலை மலிவு, கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரப் பொருள்.

அது கிருமியைக் கொல்லும் விதத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. பென்சால்கோனியம் சோப்பு வகையைச் சேர்ந்தது. பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைப்பது போல, கிருமியின் மேலுறையில் உள்ள கொழுப்பைக் கரைத்து உடைத்துவிடும். நம் கண்ணீர்ப் படலத்தின் மேலடுக்கும் எண்ணெய்தான். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அந்த அடுக்கு. அது கலைந்தால் இமைத்து முடித்த சில நொடிகளிலேயே கண்ணீர்ப் படலம் அங்கங்கே கிழிந்து, கருவிழி காய்கிறது. பாதிப்பு இதோடு நிற்பதில்லை. கருவிழியின் மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்கும் இணைப்புகள் தளர்கின்றன. வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் சளிச் சுரப்புச் செல்கள் குறைகின்றன. கண்ணீர் கருவிழியில் ஒட்டி நிற்பதற்கு அந்தச் சளி வேண்டும். அப்புறம் அழற்சிச் செல்கள் வந்து குடியேறுகின்றன. கருவிழியின் நுண்நரம்புகளும் பாதிக்கப்படலாம்.

இன்னொன்றும் உண்டு. பென்சால்கோனியம் உடனே கழுவப்பட்டுப் போய்விடுவதில்லை. விலங்குகளில் செய்த சோதனைகளில், ஒரே ஒரு சொட்டுக்குப் பிறகும் ஒரு நாளைத் தாண்டி அது கண்ணின் திசுக்களில் தங்கியிருந்தது. தினமும் போடுபவருக்கு, முந்தைய நாளின் மிச்சம் தீருவதற்குள் அடுத்த சொட்டு வந்து சேர்ந்துவிடும்.

இப்படிச் சொன்னதும் பிரிசர்வேட்டிவ் என்றாலே விஷம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2023இல் அமெரிக்காவில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போட்டவர்களுக்கு மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்று பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அந்தச் சொட்டு தயாரானது சென்னைப் பக்கத்து ஆலை ஒன்றில். பலமுறை திறந்து பயன்படுத்தும் புட்டியில் போதிய பிரிசர்வேட்டிவ் இல்லாமல் மருந்தை அடைத்திருந்தார்கள் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று. ஆக, பிரிசர்வேட்டிவை எடுத்துவிட்டால் போதாது. அது செய்த காவல் வேலையைப் புட்டியின் அமைப்போ, ஒருமுறை மட்டும் பயன்படும் குப்பியோ செய்தாக வேண்டும்.

எவ்வளவு என்பதுதான் கேள்வி

எல்லாப் புட்டியிலும் ஒரே அளவு பென்சால்கோனியம் இருப்பதில்லை. கிளாக்கோமா மருந்துகளை, முதலில் வந்த பிராண்டுகளின்படி பார்த்தால் லாட்டனோபிராஸ்டில் 0.02 சதவீதம். இதுதான் அதிகம். 0.01 சதவீத பைமேட்டோபிராஸ்டிலும் அதே 0.02. டிமோலாலிலும் பிரின்சோலமைடிலும் 0.01. டோர்சோலமைடில் 0.0075. பிரிமோனிடினில் 0.005. இங்கே கிடைக்கும் ஜெனரிக் புட்டிகளில் இது மாறலாம். பெரும்பாலும் லேபிளிலோ அட்டைப் பெட்டியிலோ, மருந்தின் அளவுக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிடுவது நல்லது.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். லாட்டனோபிராஸ்டில் அளவு அதிகம், ஆனால் ராத்திரி ஒரு சொட்டுதான். டோர்சோலமைடில் அளவு குறைவு, ஆனால் தனியாகப் போட்டால் ஒரு நாளைக்கு மூன்று முறை. ஒரு சொட்டு சுமார் 40 மைக்ரோலிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லாட்டனோபிராஸ்ட் ஒரு வேளைக்கு 8 மைக்ரோகிராம் பென்சால்கோனியம். டிமோலால் இரண்டு வேளைக்கும் சேர்த்து 8. டோர்சோலமைடு மூன்று வேளைக்கு 9. பிரிமோனிடின் இரண்டு வேளைக்கு 4. நான்கு மருந்தும் தனித்தனியாகப் போடும் ஒருவரின் ஒரு கண்ணுக்கு ஒரு நாளில் எட்டுச் சொட்டு, 29 மைக்ரோகிராம். ஒரு சொட்டில் பாதிக்கு மேல் கன்னத்தில் வழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த எண் போதும். இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும்.

இந்தச் சுமை கண்ணில் தெரிகிறதா? பிரான்சில் கண் மருத்துவர்கள் 4107 கிளாக்கோமா நோயாளிகளைக் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2002இல் வெளியானது. சொட்டு விடும்போது வலி அல்லது அசௌகரியம் என்றவர்கள், பிரிசர்வேட்டிவ் உள்ள மருந்து போட்டவர்களில் 43 சதவீதம், இல்லாத மருந்து போட்டவர்களில் 17 சதவீதம். உறுத்தல் 31-க்கு 14. எரிச்சல் 40-க்கு 22. கண் வறண்ட உணர்வு 23-க்கு 14. மருந்தை மாற்றியவர்களுக்கும், பிரிசர்வேட்டிவ் மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைத்தவர்களுக்கும் தொந்தரவு குறைந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனைகளில் வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. அவை பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோதான் நடக்கும். பலவற்றில் ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்களைச் சேர்ப்பதும் இல்லை. ஒரே ஒரு மருந்தை மட்டும் ஒப்பிடுவார்கள். பத்து வருடமாக மூன்று புட்டி போடும் அறுபத்தைந்து வயது அம்மாவின் நிலை அந்தச் சோதனைகளில் இல்லை. என் பார்வையில் இரண்டு வகை ஆய்வையும் சேர்த்துப் படித்தால் வரும் முடிவு இதுதான்: ஒரு சொட்டு, நல்ல கண் என்றால் பிரிசர்வேட்டிவ் பெரிய பிரச்சினை இல்லை. பல சொட்டு, பல வருடம், ஏற்கெனவே நொந்த கண் என்றால் அது பெரிய பிரச்சினை. 2009இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு எடுத்த நிலையும் ஏறக்குறைய இதுவே. தாங்க முடியாதவர்களுக்குப் பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்து வேண்டும், அதற்காக எல்லோருக்கும் பிரிசர்வேட்டிவே கூடாது என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

எரிச்சலுக்குக் காரணம் பிரிசர்வேட்டிவ்தானா

வழிகளுக்குப் போகும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காசும் காலமும் வீண். மருந்தேகூடக் காரணமாக இருக்கலாம். பிரிமோனிடினுக்கு அலர்ஜி வருவது சகஜம். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கண் சிவந்து, அரித்து, இமையின் உள்புறம் சின்னச் சின்னப் புடைப்புகளாகத் தெரியும். புட்டியை மாற்றினால் அது போகாது, மருந்தையே நிறுத்தி வேறு கொடுக்க வேண்டும். டோர்சோலமைடு சற்று அமிலத் தன்மையுள்ளது, போட்டதும் சுரீரென்று குத்தும், சிறிது நேரத்தில் அடங்கும். லாட்டனோபிராஸ்ட் வகை மருந்துகள் ரத்தக் குழாய்களை விரிப்பதால் கண் சிவக்கும். பிரிசர்வேட்டிவ் இல்லாத வடிவத்திலும் அந்தச் சிவப்பு ஓரளவு இருக்கும்.

அப்புறம் வயது. கிளாக்கோமா வரும் வயதும் கண் வறளும் வயதும் ஒன்றே. மாதவிடாய் நின்ற பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், நாள் முழுக்க ஏசி அறையில் கணினி முன் இருப்பவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு மருந்தே இல்லாமலும் கண் வறளலாம். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தாலும் இதே எரிச்சல் வரும்.

மருத்துவர் மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் எங்கே புள்ளி புள்ளியாகத் தேய்ந்திருக்கிறது என்று தெரியும். இமைத்த பிறகு கண்ணீர்ப் படலம் எத்தனை நொடி தாங்குகிறது என்றும் அதிலேயே பார்த்துவிடலாம். பத்து நொடிக்குக் கீழே என்றால் வறட்சி என்று எடுத்துக்கொள்வார்கள். சில நிமிட வேலைதான். பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பும் கூட்ட நெரிசலில் இது விட்டுப்போகிறது. அதனால் "கண் எரியுது, மேற்பரப்பையும் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று நாமே கேட்க வேண்டும்.

முதல் வழி: சொட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பெரிய செலவில்லை, பலன் உடனே கணக்கில் தெரியும், ஆனால் குறைவாகப் பேசப்படுகிறது.

இரண்டு மருந்தை ஒரே புட்டியில் சேர்த்த கூட்டு மருந்துகள் இங்கே நன்றாகவே கிடைக்கின்றன. டோர்சோலமைடு-டிமோலால், பிரிமோனிடின்-டிமோலால், லாட்டனோபிராஸ்ட்-டிமோலால், பைமேட்டோபிராஸ்ட்-டிமோலால், பிரின்சோலமைடு-பிரிமோனிடின் என்று பல. மேலே சொன்ன நான்கு புட்டிக்காரரை எடுத்துக்கொள்வோம். டோர்சோலமைடையும் டிமோலாலையும் கூட்டு மருந்தாக இரண்டு வேளை கொடுத்தால், முன்பு இரண்டுக்கும் சேர்த்து 17 ஆக இருந்தது 6 ஆகிறது. மொத்தம் 29-லிருந்து 18. எட்டுச் சொட்டு ஐந்தாகிறது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும் என்பதால், வீட்டில் மருந்து போட்டுவிடும் மகளுக்கோ மருமகளுக்கோ நேரமும் மிச்சம். மறப்பதும் குறையும்.

இதில் எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, அது முக்கியம். கூட்டு மருந்துகளில் பெரும்பாலானவற்றில் டிமோலால் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், இதயத் துடிப்பு மிகவும் குறைவாக உள்ளவர்களுக்கும் அது ஆகாது. கண்ணில்தானே விடுகிறோம் என்று நினைக்கக் கூடாது. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போய் ரத்தத்தில் கலந்துவிடும். மூச்சிரைப்பு இருந்தால், கண் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே அவரிடம் சொல்லுங்கள். டிமோலால் இல்லாத பிரின்சோலமைடு-பிரிமோனிடின் கூட்டு அப்படிப்பட்டவர்களுக்குக் கைகொடுக்கும்.

எண்ணிக்கையைக் குறைக்க இன்னொரு வாய்ப்பும் உண்டு. பல வருடங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்த மருந்துகளில், இப்போது உண்மையாகவே வேலை செய்யாத ஒன்று இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் அதை நிறுத்திப் பார்த்து, பிரஷர் ஏறவில்லை என்றால் அதையே விட்டுவிடும் மருத்துவர்கள் உண்டு. இது மருத்துவர் செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் நாமே செய்து பார்க்கிற வேலை இல்லை.

இரண்டாவது வழி: வேறு பிரிசர்வேட்டிவ்

பென்சால்கோனியத்துக்குப் பதில் மென்மையான பொருள்கள் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிரிமோனிடினின் ஒரு வடிவத்தில் பியூரைட் என்ற ஆக்சிகுளோரோ கலவை இருக்கிறது. கண்ணில் விழுந்து வெளிச்சம் பட்டதும் அது உப்பாகவும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். டிராவோபிராஸ்டின் ஒரு வடிவத்தில் சோஃப்சியா. போரேட், துத்தநாகம், சார்பிட்டால் சேர்ந்த கலவை அது. இன்னொன்றில் பாலிகுவாட். அதன் மூலக்கூறு பென்சால்கோனியத்தைவிட மிகப் பெரியது என்பதால் நம் செல்களுக்குள் எளிதில் நுழையாது, கிருமியை மட்டும் தாக்கும். லாட்டனோபிராஸ்டை பென்சால்கோனியம் இல்லாமல், பொட்டாசியம் சார்பேட் வைத்துத் தயாரிக்கும் நுட்பத்தை நம் நாட்டு நிறுவனமே உருவாக்கியது. சன் ஃபார்மாவின் அந்த மருந்துக்கு 2018இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

ஒரே மருந்து போடுபவருக்கு, அதிலும் லேசான எரிச்சல் மட்டும் உள்ளவருக்கு, இது நல்ல நடுவழி. சாதாரணப் புட்டி போலவே இருக்கும், கை பழகத் தேவையில்லை, பிரிசர்வேட்டிவே இல்லாத குப்பிகளைவிட விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் கருவிழி ஏற்கெனவே புள்ளி புள்ளியாகத் தேய்ந்தவருக்கு இதை நான் போதும் என்று சொல்ல மாட்டேன். மென்மையான பிரிசர்வேட்டிவும் பிரிசர்வேட்டிவ்தான்.

மூன்றாவது வழி: பிரிசர்வேட்டிவே இல்லாதது

டாஃப்லுபிராஸ்ட் மருந்து 2008 வாக்கில் ஐரோப்பாவில் வந்தபோதே பிரிசர்வேட்டிவ் இல்லாமல் வந்தது. பிறகு லாட்டனோபிராஸ்ட், பைமேட்டோபிராஸ்ட், டிமோலால், டோர்சோலமைடு-டிமோலால் என்று பலவும் அப்படிக் கிடைக்க ஆரம்பித்தன. ஒரு சந்தேகம் நெடுநாள் இருந்தது: பென்சால்கோனியம் கருவிழியைத் தளர்த்துவதால்தான் மருந்து உள்ளே நன்றாகப் போகிறது, அதை எடுத்துவிட்டால் பிரஷர் குறையாதே என்று. நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. லாட்டனோபிராஸ்டிலும் டிராவோபிராஸ்டிலும் பென்சால்கோனியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரஷர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது.

சரி, அப்படியானால் எல்லோரும் ஏன் மாறக் கூடாது? முதல் காரணம் விலை. சாதாரண ஜெனரிக் புட்டியைவிடப் பல மடங்கு ஆகலாம். கிளாக்கோமா மருந்து ஒரு மாதத்தோடு முடிவதில்லை, ஆயுள் முழுக்க. ஆறு மாதம் விலை உயர்ந்த மருந்தைப் போட்டுவிட்டு, கட்டுப்படியாகாமல் நிறுத்திவிடுபவரைவிட, விலை குறைந்த மருந்தை ஒரு நாள் விடாமல் போடுபவரின் நரம்பு பத்திரமாக இருக்கும். இதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் பேச வேண்டும். மாதம் எவ்வளவு முடியும் என்று சொன்னால்தான் அவரால் அதற்குள் திட்டம் போட முடியும்.

இரண்டாவது காரணம் கை. ஒரு வேளைக் குப்பிகள் சின்னவை. முனையைத் திருகிப் பிய்க்க வேண்டும், மென்மையாக அழுத்த வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவர்களும் கை நடுங்குபவர்களும் சிரமப்படுவார்கள். முனை கண்ணில் குத்திவிடும் ஆபத்தும் உண்டு. குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று சாயங்காலத்துக்கு எடுத்துவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தக் குப்பிகளில் அதைச் செய்யவே கூடாது. கிருமியைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ஃபாயில் உறையைத் திறந்த பிறகு எத்தனை நாளுக்குள் அதிலுள்ள குப்பிகளைத் தீர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

பலமுறை பயன்படுத்தும் பிரிசர்வேட்டிவ் இல்லாத புட்டிகளும் வந்துவிட்டன. சிலவற்றில் கிருமி நுழைய முடியாத நுண்வடிகட்டி, சிலவற்றில் வெளிக்காற்று உள்ளே திரும்பாத வால்வு. குப்பியைவிட இவை வசதி. ஆனால் சாதாரணப் புட்டியைவிட அழுத்திப் பிழிய வேண்டியிருக்கும், சொட்டு தாமதமாகத்தான் விழும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்தப் புட்டி வந்த புதிதில், மருந்து வரவில்லை என்று நினைத்து அடுத்தடுத்து அழுத்தி மூன்று நான்கு சொட்டு வீணாக்கிக்கொண்டிருந்தார். செவிலியர் ஒருமுறை கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிறகு பழகிவிட்டது. புதுப் புட்டி எழுதித் தந்தால் மருத்துவமனையிலேயே ஒரு சொட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பல மருந்து போடுபவர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. பழைய கணக்குக்கு வருவோம். கூட்டு மருந்துக்கு மாறி 18-க்கு வந்தவர், லாட்டனோபிராஸ்டை மட்டும் பிரிசர்வேட்டிவ் இல்லாததாக்கினால் 10. முதலில் இருந்த 29-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சுமைதான் மிச்சம், மாற்றியது ஒரே ஒரு விலை உயர்ந்த புட்டி. எதை மாற்றினால் அதிகம் குறையும் என்று பார்த்து அதை மட்டும் மாற்றுவது, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி.

யாருக்கு முழுதாக மாற்றியே ஆக வேண்டும்? கருவிழி தேய்மானம் தெளிவாகத் தெரிபவர்கள், ஷோக்ரன் நோய் போன்றவற்றால் கண்ணீரே சுரக்காதவர்கள், கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். மிருதுவான கான்டாக்ட் லென்ஸ் பென்சால்கோனியத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் லென்ஸ் போடுபவர்களையும் யோசிக்க வேண்டும். முப்பது, நாற்பது வயதிலேயே மருந்து ஆரம்பிப்பவர்களையும் நான் இதில் சேர்ப்பேன். இன்னும் பல பத்தாண்டுகள் போட வேண்டிய கண் அது.

நான்காவது வழி: லேசர்

சொட்டே வேண்டாம் என்றால் பிரிசர்வேட்டிவ் பிரச்சினையும் இல்லை. எஸ்.எல்.டி. என்ற லேசர், கண்ணின் வடிகால் வலையில் மென்மையாகப் பாய்ந்து, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறுவதை எளிதாக்குகிறது. வெளிநோயாளியாகப் போய்ச் சில நிமிடங்களில் முடியும். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையை மையமாகக் கொண்டு 718 பேரிடம் நடத்திய லைட் ஆய்வு 2019இல் வெளியானது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு முதலிலேயே இந்த லேசர் செய்தபோது, மூன்று வருடம் கழித்தும் 74 சதவீதம் பேருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை.

இது தெரிந்த பிறகும் நம் ஊரில் பலருக்கும் சொட்டு மருந்துதான் முதலில் எழுதப்படுகிறது. லேசர் கருவி எல்லா இடத்திலும் இல்லை என்பது ஒரு காரணம். லேசர் என்றாலே ஆபரேஷன் என்று நோயாளிகள் பயப்படுவது இன்னொரு காரணம். கண் எரிச்சல் உள்ளவர்களுக்காவது இதைச் சீக்கிரமே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏற்கெனவே மருந்து போடுபவருக்கும் செய்யலாம். முழுவதும் நிறுத்த முடியாவிட்டாலும் ஒரு புட்டியாவது குறையும். பலன் சில வருடங்களில் தேயலாம், அப்போது திரும்பச் செய்துகொள்ளலாம்.

வரம்பு ஒன்று உண்டு. இது திறந்த கோண கிளாக்கோமாவுக்கான லேசர். கோணம் என்பது கருவிழிக்கும் அதன் பின்னுள்ள ஐரிஸுக்கும் இடையில் அந்த நீர் வடியும் மூலை. கோணம் மூடிய வகைக்குப் பொருந்தாது, அதற்கு வேறு லேசர் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழக மாவட்டங்கள் மூன்றில் நாற்பது வயதைத் தாண்டிய 5150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. திறந்த கோணம் 1.7, மூடிய கோணம் 0.5. ஆக, உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் லேசர் பற்றி முடிவெடுக்க முடியாது. ஃபைலில் எழுதியிருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபரேஷன் கடைசி வழி என்றாலும் இங்கே அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிராபெகுலெக்டமியில், வெள்ளை விழியைப் போர்த்திய சவ்வுக்கு அடியில் நீர் வடிய ஒரு புது வழி செய்வார்கள். பல வருடம் பல சொட்டு போட்டு அழற்சியில் இருந்த சவ்வு சீக்கிரம் தழும்பு கட்டி அந்த வழியை அடைத்துவிடும். பிரிசர்வேட்டிவ் உள்ள சொட்டுகளை அதிகம் போட்டவர்களுக்கு இந்த ஆபரேஷன் சீக்கிரம் தோற்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இன்று எரிச்சல் பெரிதாக இல்லாவிட்டாலும், என்றாவது ஆபரேஷன் வரை போகலாம் என்று மருத்துவர் நினைக்கும் நோயாளிக்குச் சவ்வை இப்போதே காப்பாற்றுவது அவசியம்.

எதுவும் மாற்றாமல் சமாளிப்பது

ஒரே மருந்து, லேசான உறுத்தல் என்றால் இதுவும் நியாயமான தேர்வுதான். பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் போடலாம். பென்சால்கோனியம் உள்ள செயற்கைக் கண்ணீரும் கடைகளில் இருக்கிறது, அதை வாங்கி ஊற்றினால் சுமைதான் கூடும். இமை ஓரத்தில் வெதுவெதுப்பான துணியால் ஒற்றடம் கொடுக்கலாம். சொட்டு விட்டதும் இமைக்காமல் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு பிரஷரைக் கூடுதலாகக் குறைக்காது, பிரிசர்வேட்டிவை மட்டும் இரட்டிப்பாக்கும்.

எந்த வழியில் மாறினாலும் எரிச்சல் மறுநாளே போய்விடாது. கண்ணின் மேற்பரப்பு தேற வாரங்கள் ஆகும், நாட்பட்ட அழற்சி என்றால் மாதங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் பிரஷரை மறுபடி பார்த்தாக வேண்டும், எரிச்சல் போய்விட்டது என்பதற்காக அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்துக் கடையிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பிரிசர்வேட்டிவ் இல்லாத லாட்டனோபிராஸ்ட் எழுதியிருப்பார்கள். அது இல்லை என்றால் கடைக்காரர் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று இன்னொன்றை எடுத்துத் தருவார். மருந்து அதேதான், பிரிசர்வேட்டிவ் வேறாக இருக்கும். சீட்டில் பிரிசர்வேட்டிவ் இல்லாதது வேண்டும் என்று மருத்துவரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், காலியான பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போங்கள், புதுப் பெட்டியின் சின்ன எழுத்தில் பென்சால்கோனியம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.